ஓய்வு யாருக்கு?

மே மாதம் வந்தால் ஊருக்குப் போவது என்பது மும்பைத் தமிழ்க் குடும்பங்களில் எழுதப்படாத சட்டம். சென்னை வண்டியோ நாகர்கோவில் வண்டியோ, புளிசாதப் பொட்டலத்தோடு ஏறி உட்கார்ந்துவிடுவோம். போன இடத்தில் குலதெய்வம் கோவில், இரண்டு கல்யாணம், ஒரு காதுகுத்து, முடிந்தால் ஒரு பாகப்பிரிவினைப் பேச்சுவார்த்தை. திரும்பி வரும்போது ஒரு மூட்டை புளியும் வற்றலும். இதற்குப் பெயர்தான் நமக்கு விடுமுறை.

நம் பிள்ளைகள் அப்படி இல்லை. பாலி என்கிறார்கள், மாலத்தீவு என்கிறார்கள். இப்போது புதிதாக ஒன்று கிளம்பியிருக்கிறது. ஒரு பாய்ப்படகையே வாரக்கணக்கில் வாடகைக்கு எடுத்துக்கொண்டு தீவு தீவாகச் சுற்றுவது. யாட் சார்ட்டர் என்கிறார்கள். கோடீஸ்வரர்கள் சமாசாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எட்டுப் பேர் பங்கு போட்டுக்கொண்டால் நல்ல ஓட்டலில் நான்கு அறை எடுக்கிற செலவுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

நான் குறை சொல்ல வரவில்லை. இரண்டு வருஷங்களுக்கு முன், ஏப்ரல் மாதத்தில், குடும்பத்தோடு சீஷெல்ஸ் தீவுகளில் அப்படிப் போய் வந்தவன்தான் நானும். அந்த அனுபவத்தில் எனக்கு ஏற்பட்ட அபிப்பிராயம் ஒன்று உண்டு. இப்படிப்பட்ட பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் தீவுகளைப் பற்றி நிறையப் படிக்கிறார்கள். கூட வருகிறவர்களைப் பற்றி யோசிக்க மறந்துவிடுகிறார்கள். நாங்களும் மறந்தோம். ஞாபகப்படுத்தியவர் என் மனைவி.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சரக்குக் கப்பல்களில் என்ஜினீயராக இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். ஆறு மாதம், எட்டு மாதம் கடலில். மிச்ச நாள் செம்பூரில். பிள்ளைகள் இருவரையும் வளர்த்தது, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மழைக்கால வெள்ளம் எல்லாம் அவள் பொறுப்பு. அதிகாரிகள் மனைவியைக் கப்பலில் அழைத்துப் போகலாம் என்ற சலுகை இருந்தும் பிள்ளைகளின் படிப்பு அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆகவே கடலைப் பார்க்கும்போதெல்லாம் நினைவுக்கு வந்த ஒரு கடன் எனக்கு இருந்தது. மகன் படகு யோசனையைச் சொன்னதும் குதித்துக்கொண்டு சம்மதித்தேன்.

மகன் போட்ட திட்டம் இதுதான்: நாற்பத்தைந்து அடி கேட்டமரான் ஒன்று. (பெயர் நம் கட்டுமரத்திலிருந்து போனதுதான். ஆனால் நம்முடையது மரங்களைச் சேர்த்துக் கட்டுவது. இது இரண்டு ஓடங்களை அருகருகே நிறுத்தி மேலே தளம் போட்டதுபோல் இருக்கும். அதிகம் சாயாது.) ஏழு இரவுகள். மாலுமி வேண்டாம், சமையலாள் வேண்டாம், படகை மட்டும் எடுத்துக்கொள்வது. ஐந்து நாள் பாய்ப்படகுப் பயிற்சி பெற்ற சான்றிதழ் அவன் கையில் இருந்தது. "அப்பா இருக்கீங்க, நான் இருக்கேன், வேற யாரு வேணும்?" என்றான். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

என் மனைவி இரண்டே கேள்வி கேட்டாள். "படகுலயும் எட்டுப் பேருக்கு மூணு வேளை நான்தான் சமைக்கணுமா?" என்பது முதல் கேள்வி. "நடுக்கடல்ல இவனுக்கு ஜுரம் வந்தா யாரு ஓட்டுவா?" என்பது இரண்டாவது.

மருமகள் வாயைத் திறக்கவில்லை. ஆனால் முதல் கேள்விக்கு அவள் முகத்தில் வந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

இரண்டாவது கேள்விக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும் என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ஜின் அறையில் காலம் கழித்தவனுக்குப் பாயும் தெரியாது, பவளப் பாறைகளுக்கு நடுவே நங்கூரம் போடவும் தெரியாது. முப்பதாயிரம் டன் கப்பலில் அந்த வேலைக்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். இதை மகன் எதிரில் ஒப்புக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அவனுக்குச் சொல்லி வளர்த்தவன் நான்தானே!

ஒருவருக்கு மட்டும் ஓட்டத் தெரிந்த படகில் மற்ற ஏழு பேரும் மூட்டை முடிச்சுக்குச் சமானம். அந்த ஒருவரே கால் தவறித் தண்ணீரில் விழுந்துவிட்டால் படகைத் திருப்பிக் கொண்டுவர ஆள் கிடையாது. விவரம் தெரிந்த இருவராவது இல்லாமல், அதுவும் குழந்தைகளை வைத்துக்கொண்டு, மாலுமி இல்லாத படகை எடுப்பது தவறு. சான்றிதழ் இருப்பதால் வாடகைக்காரர் படகைக் கொடுத்துவிடலாம். கொடுத்துவிட்டார் என்பதற்காக நமக்கு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது. ஏதாவது சேதமானால் முன்பணமாகக் கட்டிய தொகையில் கை வைப்பார்கள் என்பது வேறு விஷயம்.

முடிவில் திட்டத்தைத் திருத்தினோம். ஏழு இரவு ஐந்தாகக் குறைந்தது. மிச்சமான பணம் மாலுமிக்கும் சமையலாளுக்கும் போயிற்று. இங்கே ஒரு விவரம்: அவர்களுக்குப் படுக்க இடமும் நம் செலவில் சாப்பாடும் கொடுக்க வேண்டும். ஆகவே தலைகளை எண்ணும்போது பத்து என்று எண்ணித்தான் படகைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முன்புறம் சிற்றறைகள் உள்ள படகாகப் பார்த்துக்கொண்டோம். மகனுக்கு ஒரு வாரம் மனத்தாங்கல். "டாக்சியில ஏறி உக்கார்ந்து சுத்திப் பார்க்கவா இவ்வளவு தூரம் போறோம்?" என்று முணுமுணுத்தான். அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் நடந்தது வேறு. அந்த உள்ளூர் மாலுமி பொறுமைசாலி. நான்கு நாள் அவனைச் சுக்கானில் நிற்க வைத்து, அந்த ஐந்து நாள் பயிற்சியில் கிடைக்காததையெல்லாம் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த தகராறு மாதத்தைப் பற்றி. சீஷெல்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் கொண்ட நாடு. தலைநகர் விக்டோரியா இருக்கும் மாஹே தீவு பூமத்திய ரேகைக்குத் தெற்கே நான்கரைப் பாகை தூரத்தில்தான் இருக்கிறது. அங்கே வருஷத்தை ஆள்வது இரண்டு காற்று. மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று: மழை குறைவு, ஆனால் காற்று பலமாக அடிக்கும், கடலும் கொந்தளிக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வடமேற்குக் காற்று. அது மழையைக் கொண்டுவரும். இரண்டும் மாறுகிற ஏப்ரலிலும், அக்டோபர் கடைசி, நவம்பர் வாக்கிலும் கடல் அமைதியாக இருக்கும். பாயை விரித்து ஓட்டுகிற ஆசை உள்ளவர்கள் தென்கிழக்குக் காற்றைத் தேடிப் போவார்கள். மகன் கேட்டது ஆகஸ்ட். நாங்கள் முடிவு செய்தது ஏப்ரல். அதனால் பாதி நேரம் பாய் சும்மா தொங்கியது. என்ஜினைப் போட்டுத்தான் போனோம், டீசல் செலவும் கூடியது. ஆனால் ஆறு வயதுப் பேத்தி பயப்படாமல் தண்ணீரில் இறங்கி மீன் பார்த்தாள். நீந்தத் தெரியாத அவள் பாட்டியும் மிதவைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கூடவே இறங்கினாள். ஆகஸ்டில் இது நடந்திருக்காது.

தூரத்தையும் சின்னவர்களின் கணக்கில்தான் பார்க்க வேண்டும். வரைபடத்தில் எல்லாத் தீவும் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பதாகத் தோன்றும். மாஹேயிலிருந்து பிராலின் தீவு சுமார் 45 கிலோமீட்டர். நம் சாலைக் கணக்கில் ஒரு மணி நேரம். படகு மணிக்குப் பத்துப் பதினொரு கிலோமீட்டர்தான் போகும் என்பதால் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. மாலை ஆறரைக்குள் சூரியன் மறைந்துவிடும். பாறைகள் நிறைந்த இடத்தில் இருட்டில் ஓட்டக்கூடாது. ஆகவே பெரிய தூரம் ஒருநாள், அடுத்த நாள் சின்னத் தூரம் என்று வைத்தோம். முதல் இரவு மாஹேக்கு எதிரிலேயே இருக்கும் செயின்ட் ஆன் கடல் பூங்காவில். பிறகு பிராலின், ராட்சத ஆமைகள் நடமாடும் குரியூஸ், சைக்கிளில் சுற்றக்கூடிய லா டீக். இவ்வளவுதான். பிராலினில் உள்ள வாலே த மே வனம் 1983-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. கடல் தேங்காய் மரங்கள் காடாக நிற்கின்றன. உலகத்திலேயே பெரிய விதை அதனுடையதுதான். தூக்கிப் பார்த்த மாப்பிள்ளை திணறிப்போனார்.

பெரிய தூரம் போன அன்று படகில் வாந்தி எடுத்தது யார் தெரியுமா? குழந்தைகள் இல்லை, மாத்திரையைப் புறப்படுமுன்பே கொடுத்துவிட்டோம். "எனக்கெதுக்கு மாத்திரை, எத்தனை கடல் பார்த்தவன்" என்று சொன்ன நான்தான்! பெரிய கப்பலின் ஆட்டம் வேறு, நாற்பத்தைந்து அடிப் படகின் ஆட்டம் வேறு. எலுமிச்சம்பழத்தைக் கையில் கொடுத்துவிட்டு மனைவி அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

சாப்பாட்டுக்குக் கவலைப்படாதீர்கள். அனுமதியில்லாமல் காய்கறி, பழம், விதை எதுவும் அந்த நாட்டுக்குள் கொண்டுபோக முடியாது. ஆனால் விக்டோரியாவில் அரிசி, பருப்பு எல்லாம் கிடைக்கும். நம்மவர்கள் பல தலைமுறைகளாக அங்கே இருக்கிறார்கள். நவசக்தி விநாயகர் கோவில் 1992-இல் எழுந்தது. படகில் ஏறுமுன் கும்பிட்டுவிட்டுப் போனோம். சந்தையில் கறிவேப்பிலை கிடைக்குமா என்று சைகையில் கேட்ட என் மனைவியிடம் அந்த அம்மாள் ஒரு கொத்தை எடுத்து நீட்டி "காரிப்பிலே" என்றாள். கிரியோல் மொழியில் அதற்கு அதுதான் பெயராம்! சமையல் செய்த பெண்ணுக்கு ரசம் வைக்கச் சொல்லிக் கொடுத்தது மட்டும்தான் என் மனைவி அந்த ஐந்து நாளில் செய்த அடுப்பு வேலை.

இன்னொரு தவறும் நடந்தது. அது என்னுடையது. படகில் நல்ல தண்ணீர் 700 லிட்டர்தான். முதல் இரண்டு நாளும் கடலில் குளித்துவிட்டு வந்து பிள்ளைகள் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்கள். நானும் கண்டுகொள்ளவில்லை. மூன்றாம் நாள் காலையில் ஒரு தொட்டி காலி, மற்றதில் பாதி. அருகில் நிரப்பிக்கொள்ளத் துறை எதுவும் இல்லை. மாலுமி முகம் சுருங்கிற்று. அப்போது என் மனைவி எழுந்தாள். காலையில் ஒன்றரை மணி நேரம் வருகிற மாநகராட்சித் தண்ணீரைப் பிடித்து வைத்து, நான் இல்லாத வருஷங்களில் குடித்தனம் நடத்தியவள் அல்லவா? ஆளுக்குத் தினம் இரண்டு செம்பு குளிக்க. பாத்திரம் முதலில் கடல் தண்ணீரில், கடைசியில் ஒரு முறை நல்ல தண்ணீரில். குடிதண்ணீருக்குத் தனிக் குடம். கடைசி நாள் கரை சேரும்போது தொட்டியில் தண்ணீர் மிச்சம் இருந்தது. "அம்மா கேப்டன்" என்று மாலுமி சல்யூட் அடித்தார். திட்டம் போடும்போது யாரைக் கேட்காமல் விட்டோமோ, அவளுக்குத் தெரிந்த வித்தைதான் எங்களைக் காப்பாற்றியது.

கடைசி மாலை லா டீக் தீவுக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்தோம். முன்தளத்தில் உட்கார்ந்திருந்தவள் கேட்டாள்: "இருபத்தெட்டு வருஷமா இதைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தீங்களா?"

இல்லை என்றேன். நான் இருந்தது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, என்ஜின் சத்தத்தில். சூரியன் மறைவதை இப்படி உட்கார்ந்து பார்த்ததே இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப ரெண்டு பேருக்கும் இதுதான் முதல் தடவை" என்றாள்.

அன்பர்களே, நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். லீவும் பணமும் கஷ்டப்பட்டுச் சேர்ப்பவை. ஊருக்குப் போனாலும் சரி, தீவுக்குப் போனாலும் சரி, அதைத் திட்டமிடுவது வீட்டில் ஒருவர் அல்லது இருவர். வேலை செய்வது வேறொருவர். நிலத்தில் இந்தக் குறை தெரிவதில்லை. கோபம் வந்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடலாம். நாற்பத்தைந்து அடிப் படகில் எங்கே போவது? ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன், வீட்டில் உள்ள எல்லோரையும் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வையுங்கள். நீந்தத் தெரியாதவர் யார், மருந்து சாப்பிடுகிறவர் யார், சமைக்கப்போவது யார், ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் அவர் வேலையைப் பார்ப்பவர் யார் என்று கேளுங்கள். அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு மாதத்தையும் படகையும் முடிவு செய்யுங்கள். நாள் குறைந்தாலும் பரவாயில்லை.

இந்த மே மாதம் நாங்கள் ஊருக்குத்தான் போகிறோம். குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்க வேண்டும். பொங்கல் தவிர மற்ற வேளைகளுக்கு ஊரில் ஒரு சமையல்காரருக்குச் சொல்லியாகிவிட்டது. சொன்னது என் மகன்.