கையெழுத்துப் போட்டவர் யார்? கடனைச் சுமப்பவர் யார்?

2022 ஏப்ரல் 12-ஆம் தேதி, வெளிநாட்டுக் கடன்களை இப்போதைக்குக் கட்ட முடியாது என்று இலங்கை அரசாங்கம் கைவிரித்தது. அளவுக்கு மீறிக் கடன் வாங்கினார்கள், கவிழ்ந்தார்கள் என்று பலரும் சொல்கிறார்கள். அது பாதி உண்மைதான். கடன் வாங்காத அரசாங்கம் எங்கே இருக்கிறது? கேள்வி கேட்க ஆளில்லாத அரசாங்கம் வாங்கும் கடன்தான் நாட்டைக் கவிழ்க்கும்.

நடந்ததைப் பாருங்கள். 2019 நவம்பரில் சிங்களப் பெரும்பான்மை வாக்குகளால் கோத்தபாய ராஜபக்சே அதிபரானார். வந்த வேகத்தில் மதிப்புக் கூட்டு வரி 15 விழுக்காட்டிலிருந்து 8 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. அரசாங்க வருமானம் சரிந்தது. 2020-இல் கோவிட் சுற்றுப்பயணத் துறையை முடக்கியது. நாட்டின் கடன் தரமதிப்பீடு இறங்கியதால், புதுக் கடன் வாங்கிப் பழைய கடனை அடைக்கும் வழியும் மூடிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் நிறைவேறிய 20-ஆவது அரசியலமைப்புத் திருத்தம், சுயேச்சை ஆணையங்களுக்கான நியமனங்களை அதிபர் கையில் கொடுத்தது. தட்டிக் கேட்க வேண்டியவர்களின் வாய் அடைக்கப்பட்டது. 2021-இல் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை. 2022 ஜனவரியில், கையிருப்பு கரைந்துகொண்டிருந்த வேளையிலும், 50 கோடி டாலர் கடன் பத்திரத்துக்குப் பணம் கட்டினார்கள். பிறகு மருந்துக்கும் எரிபொருளுக்கும் டாலர் இல்லை.

இந்த முடிவுகளில் எதையும் மலையகத் தமிழ்த் தோட்டத் தொழிலாளியைக் கேட்டு எடுக்கவில்லை. 1948-இல் குடியுரிமை மறுக்கப்பட்ட சமூகம் அது. நெடுங்காலப் போராட்டத்துக்குப் பின் 2021-இல் அவர்களுடைய நாட்சம்பளம் 1000 ரூபாயானது. அன்று அது ஏறக்குறைய 5 அமெரிக்க டாலர். அடுத்த ஆண்டே 3 டாலருக்கும் கீழே போனது. 2022 செப்டம்பரில் பணவீக்கம் ஏறக்குறைய 70 விழுக்காடு. போராடிப் பெற்ற சம்பள உயர்வை விலைவாசி விழுங்கிவிட்டது.

2023 நவம்பரில் இலங்கை உச்சநீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பொன்றை வழங்கியது. ராஜபக்சே சகோதரர்களும் மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும் மக்கள் வைத்த நம்பிக்கையை மீறினார்கள், குடிமக்களின் அடிப்படை உரிமையைப் பறித்தார்கள் என்று அது அறிவித்தது. பொருளாதார நிர்வாகமும் உரிமைப் பிரச்சனைதான் என்று ஒரு நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆனால் பசியோடு கிடந்த நாள்களை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

மலேசியாவின் நிலை வேறு. நம் அரசாங்கக் கடனில் பெரும்பகுதி வெள்ளியில் உள்ளது, டாலரில் அல்ல. அதற்காக நிம்மதியாகத் தூங்க முடியுமா? 2011, 2012 ஆண்டுகளில் எஸ்ஆர்சி நிறுவனம் அரசு ஊழியர் ஓய்வூதிய நிதியிடம் 400 கோடி வெள்ளி கடன் வாங்கியது அரசாங்க உத்தரவாதத்தின் பேரில்தான். அந்த வழக்கில் ஒரு முன்னாள் பிரதமர் 2022-இல் சிறை சென்றார். 2023-இல் நிறைவேறிய நிதிப் பொறுப்புச் சட்டம், கடனுக்கு 60 விழுக்காடு, உத்தரவாதங்களுக்கு 25 விழுக்காடு என்று உள்நாட்டு உற்பத்தியோடு ஒப்பிட்டு வரம்பு போடுகிறது. நல்லதுதான். ஆனால் வரம்பு மட்டும் காவல் காக்காது. ஒவ்வொரு பெரிய உத்தரவாதமும் கையெழுத்தாகும் முன்பே நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட வேண்டும்.

வரவு செலவுத் திட்டம் தாக்கலாகும் நாளில், "இந்தியர்களுக்கு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுப் பழகிவிட்டோம். எவ்வளவு கடன், எதற்காக, யார் கையெழுத்து என்றும் கேட்போம். அந்தக் கடனைக் கட்டப்போவது நம் பிள்ளைகளும்தான்.