வீடு ஒரு ஊர், வேலை ஒரு ஊர்: நடுவில் இருக்கும் கிலோமீட்டருக்கு யார் காசு கட்டுவது?

1/
போன வாரம் நைட் டூட்டி. விடியற்காலை ஐந்தரை மணி இருக்கும், ஒரு தம்பியைக் கொண்டு வந்தாங்க. முப்பது வயதுக்குள். குறிஞ்சிப்பாடி தாண்டி பைக்கில் போகும்போது கண் அசந்துடுச்சு, ரோட்டோரப் புளியமரத்தில் மோதல். காறை எலும்பு முறிவு, தலையில் ஆறு தையல். ஹெல்மெட் போட்டிருந்ததால் உயிர் தப்பினார்.

தையல் போடும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சார், என் போன் எங்க? ஷிப்ட்டுக்கு லீவு சொல்லணும்."

2/
வீடு வடலூர். வேலை புதுச்சேரியில் ஒரு கம்பெனி. தினமும் போக அறுபது, வர அறுபது கிலோமீட்டர்.

"ஏன் தம்பி, பாண்டியிலேயே ஒரு வீடு பார்க்கக் கூடாதா?" என்று கேட்டேன்.

"அங்க வாடகை கட்டாது சார். ரேஷன் கார்டு இங்க, பொண்ணு ஸ்கூல் இங்க, வீட்ல வாங்குற ஆயிரம் ரூபாயும் இங்க. ஒண்ணு சார், பெட்ரோல் மட்டும் பாண்டியில போட்டுக்குவேன். அங்க சீப்பு."

அந்தக் கடைசி வரிதான் என்னை இதை எழுத வைத்தது.

3/
அவர் சொன்னது பொய் இல்லை. கடலூரிலிருந்து கிளம்பி முள்ளோடை தாண்டினால் அது வேற அரசு, வேற வரி. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்த பிறகு சோப்புக்கும் சட்டைக்கும் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே வரிதான். ஆனால் பெட்ரோல், டீசல், மது மூன்றும் அதில் சேரவில்லை. வண்டிக்குக் கட்டும் சாலை வரியும் அந்தந்த அரசு முடிவு செய்வதுதான். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் குறைத்த பிறகு பெட்ரோலுக்கு வரி 13 சதவீதமும், அதற்கு மேல் லிட்டருக்கு 11.52 ரூபாயும். புதுச்சேரியில் அதைவிடக் குறைவு.

4/
இப்ப அந்தத் தம்பியின் கணக்கைப் போடுவோம். ஒரு நாளைக்கு 120 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 கிலோமீட்டர் என்று வெச்சுக்குங்க. மாதம் 25 நாள் வேலை. கிட்டத்தட்ட 67 லிட்டர்.

லிட்டருக்கு ஐந்து ரூபாய் வித்தியாசம் என்றே வெச்சுக்குவோம். மாதம் மிச்சம்: 335 ரூபாய்.
லிட்டர் நூறு ரூபாய் என்று போட்டால் மாதச் செலவு: 6,700 ரூபாய்.

எல்லை கொடுப்பது 335. தூரம் எடுப்பது 6,700. நம்ம கண்ணுக்குத் தெரிவது என்னவோ பங்க் போர்டில் இருக்கும் அந்த ஐந்து ரூபாய்தான்.

5/
இன்னொரு கணக்கு இருக்கு, அதை யாருமே போடுவதில்லை. போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. மாதம் 75 மணி நேரம். அதாவது முழுசா மூன்று பகல், மூன்று இரவு, ரோட்டில். இந்த நேரம் எங்கிருந்து வருது? டூட்டியிலிருந்து வராது, தூக்கத்திலிருந்துதான் வரும். வாடகையில் மிச்சம் பிடித்ததை உடம்பு தவணை கட்டிக்கிட்டு இருக்கு.

6/
சரி, அவருடைய வேலை ஏன் அறுபது கிலோமீட்டர் தள்ளிப் போய் உட்கார்ந்தது? அதிலும் வரிக்குப் பங்கு உண்டு. புதுச்சேரி யூனியன் பிரதேசம். வருமான வரிச் சட்டம் அதைத் தொழிலில் பின்தங்கிய பகுதிகள் பட்டியலில் சேர்த்திருந்தது. புதுசாத் தொடங்கும் தொழிற்சாலைகளுக்கு வரிவிலக்கு. விற்பனை வரியும் சாதகம். ஒரு காலத்தில் பெரிய பெரிய கம்ப்யூட்டர் கம்பெனிகள் அங்கே போய் யூனிட் வைத்ததற்கு இதுவும் காரணம். கடலூர், விழுப்புரம் மாவட்டத்துப் பிள்ளைகள் பஸ் ஏறிப் போனாங்க. எல்லையை ஒட்டி மனை வாங்கினவங்களும் உண்டு.

அப்புறம் சலுகைக் காலம் முடிஞ்சது. ஜி.எஸ்.டி. வந்தது. பழைய லாபம் கரைஞ்சது. வரி ஒரே ராத்திரியில் மாறும். இருபது வருஷ வீட்டுக் கடன் மாறாது.

7/
இது நம்ம ஊர்க் கதை மட்டும் இல்லை. மலேசியாவில் ஜோகூர் பாரு, கடல் தாண்டினால் சிங்கப்பூர். சிங்கப்பூர் சம்பளம், ஜோகூர் வாடகை. தினமும் லட்சக்கணக்கானோர் பாலம் தாண்டிப் போய் வர்றாங்க, அதில் நம்ம தமிழர்களும் நிறைய. அங்கேயும் பெட்ரோல் விலை வித்தியாசம் உண்டு. சிங்கப்பூர் கார் மலேசியாவுக்குள் போகணும்னா டேங்க்கில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்கணும் என்றே சட்டம் வெச்சிருக்காங்க.

2020 மார்ச் 16 ராத்திரி மலேசியா அறிவிப்பு கொடுத்தது. 18-ம் தேதி எல்லை மூடியாச்சு. வேலையா வீடா என்று முடிவு செய்ய ஒரு நாள்தான் கிடைத்தது. பாலம் பழையபடி முழுசாத் திறந்தது 2022 ஏப்ரல் 1-ம் தேதி. அதுவரை பிள்ளையை வீடியோ காலில் மட்டுமே பார்த்த அப்பாக்கள் உண்டு. எல்லையை நம்பி வீடு பிடித்தால், எல்லையின் முடிவுக்கும் நாம் கட்டுப்பட்டவர்கள்.

8/
இதே எல்லையை வசதி உள்ளவர்கள் எப்படிப் பயன்படுத்தினாங்க தெரியுமா? 2017-ல் கேரளாவில் பெரிய சர்ச்சை. சொகுசு கார்களைப் புதுச்சேரி முகவரி காட்டிப் பதிவு செய்து, கேரளாவில் கட்ட வேண்டிய சாலை வரியை மிச்சம் பிடித்ததாக சினிமாக்காரர்கள் சிலர் மீதே வழக்கு வந்தது. கார் ஓடுவது கொச்சியில். முகவரி மட்டும் பாண்டியில்.

வசதி உள்ளவருக்குத் தன் முகவரியை அனுப்பினால் போதும். வசதி இல்லாதவர் தன் உடம்பைத் தினமும் அனுப்ப வேண்டியிருக்கு.

9/
"சம்பளத்திலேயே அதுக்கெல்லாம் அலவன்ஸ் இருக்கே டாக்டர்" என்பீங்க. யாருக்கு? மத்திய அரசு ஊழியருக்கு வீட்டு வாடகைப் படி ஊரைப் பொறுத்தது. 2024 முதல் புதுச்சேரி என்றால் அடிப்படைச் சம்பளத்தில் 20 சதவீதம், சின்ன ஊர் என்றால் 10. இதில் வேலை பார்க்கும் ஊர்தான் கணக்கு, தூங்கும் ஊர் இல்லை. வருமான வரியில் மாதம் 1,600 ரூபாய் போக்குவரத்துப் படிக்கு இருந்த விலக்கை 2018-ல் எடுத்துவிட்டு நிலையான கழிவு கொண்டு வந்தாங்க. புதிய முறையில் அது இப்ப 75,000 ரூபாய்.

வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளமே இல்லாதவருக்கு இதில் ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. ஆனால் 67 லிட்டர் பெட்ரோலுக்கான வரியை மட்டும் அவர் தவறாமல் கட்டுகிறார். "ஏழைங்க எங்க சார் வரி கட்டறாங்க" என்று கேட்பவர்கள் பங்க் ரசீதைப் பார்க்கணும்.

10/
வடலூருக்குப் பக்கத்திலேயே இதற்கு ஒரு பாடம் இருக்கு. 1956-ல் நெய்வேலி நிறுவனம் தொடங்கினபோது சுரங்கம் மட்டும் வெட்டவில்லை, நகரியமும் கட்டினாங்க. வட்டம் வட்டமாகக் குவார்ட்டர்ஸ், நிழல் மரம், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி. தொழிலாளி வேலைக்குப் பக்கத்தில் தூங்கணும் என்று அன்றைக்கே யோசிச்சிருக்காங்க.

இன்றைக்கு அந்தக் குவார்ட்டர்ஸ் நிரந்தரப் பணியாளர்களுக்கு. கான்ட்ராக்ட் தொழிலாளிகள் வடலூர், குறிஞ்சிப்பாடி, மந்தாரக்குப்பம் என்று சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வண்டி ஓட்டி வர்றாங்க. சுரங்கத்துக்கு நிலம் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போன குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. ஒரே கேட், ஒரே நிலக்கரித் தூசி. தூரம் மட்டும் சம்பளம் குறைந்தவருக்கு அதிகம்.

11/
ஓ.பி.யில் நான் பார்ப்பது என்ன தெரியுமா? முப்பத்தைந்து வயதில் பி.பி. மருந்து. சர்க்கரை கட்டுக்குள் வரவே மாட்டேங்குது, கேட்டால் "சாப்பாடு எட்டு மணிக்கும் உண்டு, பதினொன்றுக்கும் உண்டு சார்". தீராத இடுப்பு வலி. மாத்திரையை நான் மாற்றி மாற்றி எழுதலாம். அவருடைய ஐந்து மணி நேரத் தூக்கத்தை ஏழாக்கும் மாத்திரை என்னிடம் இல்லை. அது வீட்டு வசதித் துறையிடமும் போக்குவரத்துத் துறையிடமும்தான் இருக்கு.

12/
அது முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. 2021 மே மாதம் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்று ஆனது. எனக்குத் தெரிந்த தூய்மைப் பணியாளர் அக்கா ஒருத்தர் அதற்கு அப்புறம்தான் பக்கத்து ஊர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். "பஸ்ஸுக்கே பாதி போயிடும்னு வீட்லயே இருந்தேன் சார்" என்றார்.

பாண்டியை ஒரு காலத்தில் ஆண்ட பிரான்சில், வேலைக்கு வர வாங்கும் பஸ், ரயில் பாஸ் விலையில் பாதியை முதலாளி கொடுத்தாகணும். "தூரத்துக்குக் காசு கொடுத்தால் ஜனங்க இன்னும் தூரமாத்தான் போவாங்க" என்று ஒரு வாதம் உண்டு. நியாயமான வாதம்தான். அதனால்தான் நான் பெட்ரோலுக்குச் சலுகை கேட்கவில்லை. ஷிப்ட் நேரத்துக்குப் பஸ் விடுங்க, பாஸில் பாதியைக் கம்பெனி தரட்டும், தொழிற்பேட்டை வரும் இடத்திலேயே குறைந்த வாடகை வீடும் வரட்டும். எல்லையின் இரண்டு பக்க அரசும் சேர்ந்து பேச வேண்டியது இதைத்தான். பெட்ரோல் வரியில் ஒரு ரூபாய் குறைப்பதைவிட இது உயிரைக் காப்பாற்றும்.

13/
அரசு செய்யும்போது செய்யட்டும். நீங்க இன்றைக்கே செய்ய வேண்டியவை நான்கு:

வீடு பிடிக்கும் முன் வாடகையோடு மாதப் பெட்ரோலையும் கூட்டுங்க. ரோட்டில் போகும் மணி நேரத்தையும் பக்கத்தில் எழுதுங்க. ரேஷன் கார்டு, மகளிர் உரிமைத் தொகை, பிள்ளைகளின் இட ஒதுக்கீடு இதெல்லாம் எல்லை தாண்டினால் என்ன ஆகும் என்றும் பாருங்க. முக்கியமா, 6 முதல் 12 வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தால்தான் இங்கே மருத்துவத்தில் 7.5 சதவீத ஒதுக்கீடு.

வேலைக்குப் போகும் வழியில், வரும் வழியில் விபத்து என்றால் ஆஸ்பத்திரியில் அதை அப்படியே சொல்லுங்க, விபத்துப் பதிவேட்டில் பதியச் சொல்லுங்க. இ.எஸ்.ஐ. சட்டத்தில் 2010 முதல், வேலையோடு தொடர்பு இருந்தால் அது பணிக்கால விபத்து. தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் அதே அர்த்தம்தான் என்று 2025-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு. "சும்மா கீழே விழுந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அந்த உரிமையை இழக்காதீங்க.

தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்தால் 'நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் முதல் 48 மணி நேரம், பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரிகளில் இலவச சிகிச்சை. அடிபட்டவர் எந்த மாநிலத்தவர் என்பது கணக்கில்லை.

கண் சொக்கினால் வண்டியை ஓரம் கட்டி இருபது நிமிஷம் தூங்குங்க. லேட் ஆனால் அரை நாள் சம்பளம் போகும், அவ்ளோதான்.

14/
அந்தத் தம்பி நேற்று கட்டு பார்க்க வந்தார். இ.எஸ்.ஐ. கார்டு இருக்கு, ஆனால் வழியில் நடந்த விபத்துக்கும் அது உதவும் என்று அவருக்குத் தெரியாது. எழுதிக் கொடுத்திருக்கேன். எலும்பு கூட ஆறு வாரம் ஆகும்.

"அப்புறம் என்ன தம்பி?" என்றேன்.

"அப்புறம் அதே ரோடுதான் சார்."

என்னிடம் பதில் இல்லை. உங்க வீட்டில், தெருவில் இப்படி அதிகாலையில் வண்டி எடுப்பவர் யாராவது இருந்தால் இந்த இழையை அனுப்புங்க. மேலே இருக்கும் கணக்கைக் கூட உட்கார்ந்து போட்டுக் கொடுங்க.


வடலூரிலிருந்து ஓர் அரசு மருத்துவர்