மறதியைக் கடிந்துகொள்ள வேண்டாம்



குடும்ப ஜெபமாலையில் முதியவர் ஒரு மணியைத் தவறவிடுவது வயதின் இயல்பு. ஆனால், கோவளம் கடற்கரையில் ஆயுளெல்லாம் மீன் விற்ற தாய் சில்லறைக் கணக்கில் தடுமாறினால், கோயிலிலிருந்து வீடு திரும்பும் வழியறியாது நின்றால், அது நினைவிழப்பு நோயின் தொடக்கமாயிருக்கலாம். நாமோ, வேண்டுமென்றே செய்கிறார் எனக் கடிந்துகொள்கிறோம். அல்லது வயதாகிவிட்டது என விட்டுவிடுகிறோம். இரண்டும் தவறு. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு ஆகியவற்றாலும் மறதி வரும். இவற்றுக்குச் சிகிச்சை உண்டு. எனவே காலந்தாழ்த்தாது செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேனும், அருகிலுள்ள மருத்துவரிடமேனும் காட்டுவோம். தீராத அல்சைமர் நோயே என்றாலும் மனந்தளர வேண்டாம். தந்தையின் அறிவு குன்றினாலும் பொறுமை காக்கச் சீராக் நூல் (3:13) நம்மைப் பணிக்கின்றது. இன்றிரவு அவரருகே அமர்ந்து, விட்ட மணியை மெல்ல எடுத்துக் கொடுப்போம்.