கினிகத்தேனைப் பாதைகளை யார் வரைவது?

அவிசாவளையிலிருந்து மலைநாட்டுக்கு ஏறும் ஏ-7 நெடுஞ்சாலை, கினிகத்தேனையைக் கடந்து அட்டனுக்கும் அப்பால் நுவரெலியாவுக்கும் செல்கின்றது. இதனைக் காட்டாத தேசப்படம் இல்லை. ஆனால், அதனின்று பிரிந்து தேயிலைச் சரிவுகளில் வளைந்தேறும் தோட்டப் பாதைகளின் கதி யாது?

கேள்வி சிறிதன்று. 1987ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டம், தோட்டப்புறங்களில் சபை நிதியைச் செலவிடத் தடையாக நின்றது. 2018இல் அது திருத்தப்பட்டது. தடை நீங்கியபின், எந்தப் பாதை, எவ்வளவு தூரம், எத்தனை லயங்கள் என்று சபையில் கேட்டால் எதனை எடுத்து வைப்போம்? 2014இல் மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுள் புதைந்ததை மறந்தோமில்லை. அத்தகைய வேளையில், அம்புலன்ஸ் எந்த முடக்கில் திரும்புவதென்று விசாரித்துக்கொண்டிருக்க இயலுமா?

2004இல் இங்கிலாந்தில் தொடங்கப்பெற்ற ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்பது எவரும் வரையக்கூடிய, எவரும் விலையின்றிப் பயன்படுத்தக்கூடிய பொதுத் தேசப்படம். 2010இல் ஹெயிட்டி நிலநடுக்கத்தின்போது, அந்நாட்டைக் கண்டேயறியாத பலர் செய்மதிப் படங்களைப் பார்த்துத் தெருக்களை வரைந்தளித்தனர். மீட்புப் பணியாளர் அதனைக் கொண்டு வழி கண்டனர். போற்றத்தக்க தொண்டே! ஆயினும் எமது மலைகளுக்கு அது மட்டும் போதாது. முகில் மறைக்கும், நிழல்மரம் மறைக்கும். லொறி செல்லும் பாதையும் கொழுந்து சுமந்து பெண்கள் இறங்கும் ஒற்றையடிப் பாதையும் வானத்திலிருந்து நோக்கின் ஏறத்தாழ ஒன்றே. பாலத்தின் அகலம், மழையில் வழுக்கும் ஏற்றம், படலையிட்டு அடைத்த இடம் ஆகியவற்றை நடந்து கண்டவனே அறிவான். நடந்த வழியைக் கைத்தொலைபேசியின் ஜி.பி.எஸ். பதிந்துகொள்ளும். ஆழ்ந்த பள்ளத்தாக்குகளில் அது சில மீற்றர் பிசகுமாதலால், இருமுறை நடப்பது நன்று.

பெயரோ இன்னும் பெரிய விவகாரம். துரைமார் இட்ட பெயர் பலகையில். தொழிலாளர் வழங்கும் பெயர் நாவில். மேற்கணக்கு, கீழ்க்கணக்கு, கொழுந்து மடுவம், பிள்ளை மடுவம் என்பனவற்றை எந்தச் செய்மதி உரைக்கும்? இப்படத்தில் ஓர் இடத்துக்குத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மும்மொழியிலும் பெயர் எழுத வசதியுண்டு. வசதியிருந்தும் நாம் எழுதாது, பின்னர் 'எமது ஊரின் பெயர் அழிந்ததே' என்று மேடையில் முழங்குவதில் பொருளுண்டோ?

ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவர்களும் இதனைச் செய்ய வல்லவர்கள். கொழுந்து லொறி வராத பாதையால் இடர்ப்படும் சிறுதோட்டக்காரரும் உடன் நடக்கலாம். தோட்ட நிருவாகத்திடம் முன்னரே அனுமதி பெறுக. குடியிருப்போரின் பெயர்களைப் படத்தில் பொறிக்காதிருக்க. ஞாயிறுக்கு ஒரு கணக்காகத் தொடங்கினால், வைகாசி மழை வழியை மறிக்குமுன் கினிகத்தேனைச் சுற்றுப்புறத்தின் பெரும்பகுதியை நடந்து முடிக்கலாம்.