தண்ணீரில் காணாமல்போன மரம்

பள்ளி விடுமுறையில் அப்பாவைத் தைப்பிங் ஏரிப் பூங்காவுக்கு அழைத்துப் போயிருந்தேன். ஈயச் சுரங்கப் பள்ளங்களை 1880-இல் பூங்காவாக்கிய இடம் அது. கரையோரத் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டிக் கிளை நீட்டித் தண்ணீரைத் தொடும். அப்பா சிறு வயதில் சைக்கிளில் சுற்றிய ஊர். முட்டி வலி வந்தபிறகு அவர் அங்கே போனதே இல்லை.

புதிதாக வாங்கிய போலரைசிங் பில்டரைக் கேமராவில் மாட்டியிருந்தேன். அப்பா கரையில் நின்று, “இங்க பாரு தம்பி, மரம் தண்ணிக்குள்ளயும் நிக்குது. இதைப் பாக்கத்தான் அப்ப வருவோம்” என்று கைகாட்டினார். பளபளப்பு குறையட்டும் என்று பில்டரைத் திருகிவிட்டுப் பதிவு செய்தேன்.

வீட்டில் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தபோது, அப்பா கைகாட்டிய இடத்தில் கலங்கிய தண்ணீர்தான் இருந்தது. “மரம் எங்கப்பா?” என்றார். எனக்குப் பதில் வரவில்லை.

தண்ணீர், கண்ணாடி, இலை ஆகியவற்றில் சாய்வாகப் பட்டுத் திரும்பும் ஒளி பெரும்பாலும் ஒரே வாட்டத்தில் அதிரும். பில்டரின் வளையத்தைத் திருகினால் அந்த வாட்டத்து ஒளியை அது தடுத்துவிடும். நீர்ப்பரப்பை ஏறக்குறைய 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது இது மிக நன்றாக வேலை செய்யும். மீன்குளத்துக்கும் கார்க் கண்ணாடிக்கும் அருமையான உதவி. ஆனால், அது வேண்டாத பளபளப்பு, வேண்டிய நிழல் என்று பிரித்துப் பார்க்காது. போன ஒளியை எடிட்டிங்கில் திரும்பக் கொண்டுவரவும் முடியாது.

காணொளியில் இன்னொரு சிக்கல் உண்டு. சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியிருக்கும் வானம்தான் பில்டரில் மிகக் கருநீலமாகத் தெரியும். புகைப்படத்தில் கோணம் ஒன்றுதான், சமாளிக்கலாம். காலை, மாலை வெயிலில் கேமராவை இடமிருந்து வலமாகத் திருப்பினால், ஒரே காட்சியில் வானம் இருண்டு வெளுக்கும். பதிவு ஓடும்போது வளையத்தைத் திருகினாலும் அப்படித்தான். அதனால், கேமராவைத் திருப்பும் காட்சி என்றால் பில்டரைக் கழற்றிவிடுங்கள். மாட்டித்தான் ஆகவேண்டும் என்றால், கேமராவை முக்காலியில் அசையாமல் வையுங்கள்.

பில்டர் மாட்டினால் உள்ளே வரும் ஒளி மூன்றில் ஒன்றாகவோ நான்கில் ஒன்றாகவோ குறையும். சுட்டெரிக்கும் வெயிலில் அது நல்லதே. கோயிலுக்குள்ளோ திருமண மண்டபத்திலோ படம் புள்ளி புள்ளியாகிவிடும். முகத்தில் வழியும் வியர்வை மினுக்கம் குறையும். நகையின் மினுமினுப்பு பெரும்பாலும் அப்படியே இருக்கும். மண்டபத்தில் திரை வைத்திருந்தால் கவனம்: பில்டர் நிற்கும் வாட்டத்தைப் பொறுத்துச் சில திரைகள் கறுத்துப்போகும்.

இப்போது நான் ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன். பதிவுப் பொத்தானை அழுத்துமுன் வளையத்தை ஒரு முழுச் சுற்று திருகி, எது மறைகிறது, எது தெரிகிறது என்று பார்ப்பேன். பிறகு, படத்தில் இருப்பவர் எதைக் காட்ட வந்தார் என்று கேட்பேன். பத்து விநாடிகூட ஆகாது.

அடுத்த மாதம் மறுபடியும் தைப்பிங் போகிறோம். பில்டர் பையில்தான் இருக்கும். அப்பா கைகாட்டட்டும், பிறகு பார்க்கலாம்.