கைடு இருந்த இடத்தில்

மதுரையிலும் சுற்றுவட்டாரத்திலும் கல்லூரிகளில் ஆங்கிலம் நடத்துகிற நாங்கள், டீ குடிக்கும்போதெல்லாம் ஒரே குற்றச்சாட்டைத்தான் சொல்கிறோம்: அசைன்மென்ட்டைப் பிள்ளைகள் எழுதுவதில்லை, ஏஐ எழுதுகிறது. உண்மைதான். அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இருக்கிறதா?

சாட்ஜிபிடி வெளியானது 2022 நவம்பர் 30-இல். அடுத்த செப்டம்பரிலேயே யுனெஸ்கோ கல்வித்துறைக்கான வழிகாட்டுதலைக் கொடுத்துவிட்டது. எங்கள் மதுரையோ, நாட்டில் முதன்முதலாக, 1978-லேயே தன்னாட்சி பெற்ற கல்லூரிகள் இருக்கும் ஊர். பாடத்திட்டத்தை நாமே வகுக்கலாம் என்ற உரிமையின் அருமை எங்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்களில் பலர் முதலில் தேடியது புதிய பாடத்தை அல்ல, திருட்டைப் பிடிக்கும் மென்பொருளை.

அந்த மென்பொருளின் லட்சணத்தையும் நாங்கள் விசாரிக்கவில்லை. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளிடம் டோஃபல் ஆங்கிலத் தேர்வுக்கான 91 கட்டுரைகளைக் கொடுத்தார்கள். எல்லாம் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் தாங்களே எழுதியவை. சராசரியாக 61 சதவீதத்தை இயந்திரம் எழுதியதென்று கருவிகள் தீர்ப்புச் சொல்லின. எளிய சொற்கள் திரும்பத் திரும்ப வருவதே காரணம். உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ பஸ் ஏறி வரும் தமிழ்வழி மாணவியின் நேர்மையான ஆங்கிலமும் அப்படித்தானே இருக்கும்? அதே ஆண்டு ஜூலையில், சாட்ஜிபிடியைத் தந்த ஓபன்ஏஐயே, துல்லியம் போதவில்லை என்று தன் கண்டறியும் கருவியைத் திரும்பப் பெற்றது. நாங்களோ சதவீதத்தைப் பார்த்து இன்டர்னல் மார்க்கில் கைவைத்தோம்.

இந்த அலட்சியத்துக்கு வயது அதிகம். புதுமண்டபத்துப் புத்தகக் கடைகளில் கைடு வாங்கிய காலத்தில், அதிலிருந்த பத்தியை வரி பிசகாமல் எழுதியவனுக்கு நாங்கள் டிக் போட்டோம். "நன்றாகப் படிக்கிறான்" என்றோம். சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதித் தடுமாறியவனுக்குச் சிவப்பு மை. அடுத்தவர் எழுதிய பிழையில்லாத பத்திக்குத்தான் மதிப்பெண் என்று பழக்கியது நாங்கள். அந்தப் பத்தியைச் செல்போன் இன்று இலவசமாகத் தருகிறது, அவ்வளவுதான்.

வகுப்பில் கேட்டால் சிரிப்பார்கள் என்று விழுங்கிய சந்தேகத்தை மாணவர்கள் இரவில் போனிடம் கேட்கிறார்கள். விவரம் தெரிந்த வீட்டுப் பிள்ளை மாற்றி மாற்றிக் கேட்டுச் சரிபார்க்கிறது. மற்றவர்கள் முதலில் வந்ததை அப்படியே ஒட்டுகிறார்கள். இல்லாத புத்தகத்துக்கும் ஆசிரியர் பெயரும் ஆண்டும் சொல்லக்கூடியது ஏஐ என்பதைக்கூட நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. எங்களுக்கான வினாத்தாளை மட்டும் அதனிடம் சத்தமில்லாமல் வாங்கிக்கொண்டோம்.

செய்யவேண்டியது பெரிய வித்தை அல்ல. ஏஐ தந்த பத்தியைப் பலகையில் போட்டு, அதிலுள்ள பொய்யையும் வெற்றுச் சொல்லையும் வகுப்பே கண்டுபிடிக்கட்டும். முதல் வரைவையும் சேர்த்துக் கேட்போம். எழுதியதைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்வோம். பிழையோடு வந்தாலும் சொந்த வாக்கியத்துக்கு மார்க் கூட்டுவோம். இதற்கு எந்த உத்தரவும் வரவேண்டியதில்லை. பாடத்திட்டக் குழுவில் உட்கார்ந்திருப்பது நாங்கள்தான்.