பர்மா யாத்திரையும் பர்மியர் படும் பாடும்

பர்மா தேசத்துப் பழைய ராஜதானிகளையும் ஆலயங்களையும் பார்த்துவரச் செல்வது தகுமா, தகாதா என்ற விவாதம் மீண்டும் எழுந்திருக்கிறது. 2021-ம் வருஷம் பிப்ரவரி 1-ந் தேதி, ஜனங்கள் தேர்ந்தெடுத்த தலைவர்களைக் காவலிலிட்டு ராணுவத் தளபதிகள் அதிகாரத்தைப் பறித்தனர். அதன்பின் மூண்ட உள்நாட்டுப் போரில் கிராமங்கள் எரிந்தன, பல்லாயிரவர் மாண்டனர். இந்நிலையில் உல்லாச யாத்திரையா என்று ஒரு சாரார் கேட்கின்றனர். ஆலயங்கள் தளபதிகளின் பிதிரார்ஜிதமா என்று மறுசாரார் கேட்கின்றனர். இரண்டும் நியாயமான கேள்விகளே.

அந்நகரங்கள் நமக்கு அன்னியமானவை அல்ல. ஐராவதி நதிக்கரையில் பகானைச் சுற்றிக் கணக்கிடப்பட்ட புராதனச் சின்னங்கள் 3,595. அங்குள்ள மியின்கபா கிராமத்தில் கிடைத்த 13-ம் நூற்றாண்டுச் சாசனமொன்று தமிழில் பேசுகிறது. மலைமண்டலத்து மகோதயர்பட்டினத்தார் ஒருவர் நானாதேசி விண்ணகரத்துக்கு மண்டபமும் கதவும் விளக்கும் அளித்த செய்தி அது. மாண்டலேயோ நம் தேசபக்தர்கள் தவமிருந்த ஊர். 1885-ல் தீபா மன்னரை இரத்தினகிரிக்குக் கடத்திய ஆங்கிலேயர், அவருடைய அரண்மனை வளாகத்தை டப்ரின் கோட்டையாக்கினர். அக்கோட்டைச் சிறையில் 1908 முதல் 1914 வரை அடைபட்டிருந்த காலத்திலேதான் திலகர் கீதா ரகசியத்தை எழுதினார்.

அந்த அரண்மனை 1945-ல் யுத்தத்தில் எரிந்தது. இன்று நிற்பது ராணுவ சர்க்கார் 1996-க்குள் கட்டி முடித்த பிரதி. அவ்வருஷத்தை யாத்ரீகர் விஜய வருஷமென்று விளம்பரம் செய்தார்கள். அதற்காக அரண்மனை அகழியைத் தூர்வாரக் கைதிகளையும் நகரத்தாரையும் கூலியின்றி இழுத்தார்கள். அதற்கு முன்பே, 1990-ல், பழைய பகானில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடிகளைப் பெயர்த்து வேறிடத்தில் குடியேற்றினார்கள். செங்கற் குவியல்களின்மேல் ஆதாரமில்லாத புதுச் சிகரங்களை எழுப்பியதும் இக்காலத்திலேதான். 2016-ம் வருஷப் பூகம்பத்தில் விழுந்தவற்றுள் கணிசமானவை இப்புதுச் சிகரங்களே. பழைய கொத்தனார் கட்டியது நின்றது. சர்க்கார் கட்டியது சரிந்தது! ஐக்கிய நாடுகளின் கல்வி, கலாசார ஸ்தாபனம் பகானை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது 2019-ல்தான் என்பதில் வியப்பில்லை.

ஆங் சான் சூ கீ அம்மையார் அந்நாளில் வெளிநாட்டாரை வரவேண்டாமென்று கேட்டுக்கொண்டார். 2011-ல் அவருடைய கட்சி அந்நிலையைத் தளர்த்தியது. பெருங்கூட்டச் சுற்றுலாவை மட்டும் மறுத்து, சாதாரண ஜனங்களின் நலம் கருதி வருவோரை ஏற்றது. அந்தப் பாகுபாடே இன்றும் சரியென்பது நமது அபிப்பிராயம். பகானில் அன்னியரிடம் வாங்கும் பிரவேசக் கட்டணம் சர்க்காருக்குப் போகிறது. மியின்கபாவில் அரக்குப் பாத்திரம் செய்யும் தொழிலாளியிடம் வாங்கும் கிண்ணத்தின் விலை அவன் அடுப்புக்குப் போகிறது. நட்சத்திர ஹோட்டலில் தங்கி, சர்க்கார் காட்டும் காட்சியை மட்டும் கண்டு திரும்பி, 'அங்கே எல்லாம் அமைதி' என்று சொல்லுகிறவர் பர்மியருக்குத் துரோகம் செய்கிறார். போர் நடக்கும் ஜில்லாக்களுக்குள் எவரும் போகவே கூடாது.

2025 மார்ச் 28-ந் தேதிப் பூகம்பம் சகாயிங்கையும் மாண்டலேயையும் குலுக்கி மூவாயிரத்துக்கும் அதிகமானவர்களைப் பலிகொண்டது. மகாமுனி ஆலயம் சேதமுற்றது. ஆவா நகரின் பழைய செங்கல் மடாலயம் இடிந்தது. அத்துயரத்தின் நடுவிலும் தளபதிகளின் விமானங்கள் குண்டு வீசின. பகான் ஆனந்தர் ஆலயத்தைச் செப்பனிட்ட அனுபவம் நமது தொல்பொருள் இலாகாவுக்கு உண்டு. ஆவாவின் இடிபாட்டுக்கும் இந்திய சர்க்கார் நிபுணர்களை அனுப்பவேண்டும். வேலையை உள்ளூர் பிக்ஷுக்களையும் கொத்தனார்களையும் கொண்டே நடத்தவேண்டும். ஒரு செங்கல்லும் கட்டாய உழைப்பால் ஏறாது என்று எழுத்து மூலம் உறுதி பெற்றபின்பே பணத்தைக் கொடுக்கவேண்டும்.